வீட்டுக் காபன் கணக்கு: திருகோணமலையில் எதைக் குறைத்தால் உண்மையிலேயே குறையும்?

உவர்மலை_டீச்சர் எழுதியது:

இணையத்தில் இருக்கிற காபன் கணிப்பான்கள் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது எண்ணெயிலா வாயுவிலா, வருடத்துக்கு எத்தனை தடவை விமானம் ஏறுகிறீர்கள், உடுப்பு உலர்த்துகிற மெசின் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறது. திருகோணமலையில் வீட்டைச் சூடாக்கக் கச்சான் காற்றே காணும். காய வைக்கக் கொடியிருக்கிறது. விமானம் ஏறியதே இல்லை. ஆகையால் "நீங்கள் மிகவும் நல்லவர்" என்கிற மாதிரி ஒரு பச்சை இலையைக் காட்டிவிட்டு அது நின்றுவிடுகிறது. அதை நம்ப எனக்கு விருப்பமில்லை.

எங்கள் நிலைமையைச் சொல்கிறேன். வீடு உவர்மலையில், கடற்பக்கம். முன்பாதி ஓடு, பின்பாதி அஸ்பெஸ்டஸ் சீற். நான், இவர், பிள்ளைகள் இருவர், மாமி, என் அப்பா என்று ஆறு பேர். அப்பாவுக்கு மூச்சுக் கரைச்சல் என்பதால் அவருடைய அறைக்கு மட்டும் ஒரு ஏ.சி. (பழையது, வருடா வருடம் காஸ் அடிக்கிறோம்). கரண்ட் பில் மாதம் 210 யூனிட் அளவில் வரும். 12.5 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய ஒரு மாதம் ஓடும். இவர் சீனன்குடாவுக்கு மோட்டார் சைக்கிளில், நான் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில். இரண்டுக்குமாக மாதம் 20 லீட்டர் பெற்றோல். அப்பாவின் கிளினிக்குக்கு இடைக்கிடை கொழும்புக்குக் கார் பிடிக்கிறோம்.

கூரையில் சோலர் போட இப்போதைக்குக் கையில் காசில்லை. இருக்கிறதை வைத்துக்கொண்டு எங்கே முதலில் கை வைக்கலாம்? ஒரு வேண்டுகோள்: மரம் நடுங்கள், பொலித்தீனைத் தவிருங்கள், தேவையில்லாத மின்குமிழை அணையுங்கள் என்று பதில் போடவேண்டாம். அதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவளே நான்தான்.

தட்டிவான் எழுதியது:

டீச்சர், குறை நினைக்காதீங்கோ. இலங்கையில ஒரு ஆளுக்கு வருசத்துக்கு ஒரு தொன் அளவுதான் காபனீரொட்சைட்டு. உலகச் சராசரி அஞ்சு தொன்னுக்குக் கொஞ்சம் குறைய. அமெரிக்காக்காரன் பதினாலு பதினஞ்சு தொன் விடுறான். அவன் ஏ.சி.யைப் போட்டுட்டு ஜன்னலைத் திறந்து வைச்சிருக்க, நாங்கள் இஞ்ச அடுப்புக்குப் பக்கத்தில நிண்டு கணக்குப் பாக்கிறதோ?

2022 இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள். பெற்றோலுக்கு கியூ.ஆர். காட்டிக் கிழமைக்கு இவ்வளவு எண்டு அளந்து வாங்கினம். காஸ் சிலிண்டரை ரோட்டில வரிசையாச் சங்கிலி போட்டுக் கட்டி வைச்சிட்டுக் காவல் இருந்தம். அந்த வருசம் நாங்கள் குறைச்சது காணாதோ?

கச்சான்_கூலிங் எழுதியது:

டீச்சர், நான் பிரிஜ், ஏ.சி. வேலை செய்யிற ஆள். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில இருந்து தம்பலகாமத்து வயல்காரர் வீடு வரைக்கும் எல்லா இடத்திலயும் மெசினைக் கழட்டிப் பாத்திருக்கிறன். நீங்கள் எழுதினதை வாசிச்சன். எல்லாத்தையும் ஒழுங்காச் சொல்லிப்போட்டு, பெரிய சாமானை அடைப்புக்குறிக்குள்ள போட்டிட்டீங்கள்.

முதல்ல மற்றக் கணக்கை முடிப்பம். ஒரு லீட்டர் பெற்றோல் எரிஞ்சா 2.3 கிலோ காபனீரொட்சைட்டு. 20 லீட்டருக்கு மாசம் 46 கிலோ. சமையல் காஸ் கிலோவுக்கு மூண்டு கிலோ, அப்ப ஒரு சிலிண்டருக்கு 37 கிலோ வரும். கரண்ட் எங்கட நாட்டில தண்ணி, நிலக்கரி, எண்ணெய், வெயில் எல்லாம் கலந்து வாறது. ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல எண்டு வைச்சாலும் உங்கட 210 யூனிட்டுக்கு மாசம் 105 கிலோவுக்குக் குறையாது. மூண்டையும் கூட்டிப் பன்னிரண்டால பெருக்கினா வருசத்துக்கு ரெண்டேகால் தொன் அளவு. ஆறு பேருக்கு அது கூட எண்டு நான் சொல்லமாட்டன்.

இப்ப அந்த அடைப்புக்குறி.

ஏ.சி.க்குள்ள இருக்கிற காஸ் எரிஞ்சு முடியிற சாமானில்லை. உடம்புக்குள்ள இரத்தம் ஓடுற மாதிரி, மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி ஓடும். ஒழுங்காப் பூட்டின மெசினுக்கு அது பழசாகிக் கழிக்கிற வரைக்கும் காஸ் அடிக்கத் தேவையே இல்லை. வருசா வருசம் அடிக்க வேண்டி வருதெண்டா எங்கேயோ ஓட்டை. அடிச்ச காஸ் முழுக்க உங்கட வீட்டுச் சுவருக்கு வெளியில, கடற்காத்தோட போயிட்டுது.

அது சும்மா காத்தில்லை. இப்ப ஓடுற கனக்க மெசினுகளில இருக்கிறது ஆர் 410 ஏ. அதில ஒரு கிலோ வெளியில போனால், நூறு வருசக் கணக்கில பாத்தா 2,088 கிலோ காபனீரொட்சைட்டு விட்டதுக்குச் சமன். சாதாரண அறைக்குப் பூட்டுற 12,000 பி.ரி.யூ. மெசினுக்குள்ள ஒரு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். ஒருக்கா அரைக் கிலோ அடிச்சிருந்தீங்கள் எண்டா, ஒரு தொன்னுக்கு மேல போயிட்டுது எண்டு அர்த்தம். பெற்றோலாச் சொன்னா 450 லீட்டர். நீங்களும் அவரும் சேந்து கிட்டத்தட்ட ரெண்டு வருசம் ஓடுறது. உங்கட ஸ்கூட்டியை வித்துப்போட்டு நடந்து போனாலும் அந்த ஓட்டையை ஈடு செய்யேலாது.

ஏன் எங்கட ஊரில இவ்வளவு ஒழுகுது எண்டு கேட்டீங்கள் எண்டா, காரணம் உப்பு. கடலைப் பாத்து வெளி யூனிட்டைப் பூட்டினா, உள்ளுக்க இருக்கிற அலுமினியத் தகடு வெள்ளை மாவாக் கொட்டுப்படும். பிறகு செப்புக் குழாயில ஊசித் துளை விழும். உவர்மலை, உப்புவெளி, டச்பே பக்கத்தில இதை அடிக்கடி காணலாம். அடுத்தது குழாய் மூட்டு. நுனியை விரிச்சு நட்டுப் போட்டு இறுக்கிற இடத்தில, விரிச்சது பிழைச்சாலோ அளவுக்கு மீறி இறுக்கினாலோ மெல்ல மெல்லப் போகும். சத்தமும் இல்லை மணமும் இல்லை. குளிர் குறைஞ்ச பிறகுதான் ஆளைக் கூப்பிடுவினம்.

வாறவர் என்ன செய்வார்? மீற்றரைக் கொழுவிப் பாத்து, "காஸ் குறைவு" எண்டு சொல்லி, அடிச்சிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போவார். வீட்டுக்காரருக்கும் அது மலிவு. ஓட்டையைத் தேடச் சொன்னா நேரம் போகும், காசும் கூட. ஆனா நீங்கள் அதைத்தான் கேக்கோணும். நைதரசன் அடிச்சு அமுக்கம் ஏத்தி, மூட்டு மூட்டாச் சவுக்காரத் தண்ணி பூசிப் பாக்கச் சொல்லுங்கோ. குமிழி வாற இடம்தான் ஓட்டை. அதைத் திருத்தி, வக்யூம் போட்டு (குழாய்க்குள்ள இருக்கிற காத்தை இழுத்தெடுக்கிறது), பிறகு தராசில வைச்சு மெசினில எழுதியிருக்கிற அளவுக்குக் காஸ் அடிக்கோணும். தராசு இல்லாம "கை வைச்சுப் பாத்தா விளங்கும்" எண்டு சொல்லுற ஆளை வாசலோட அனுப்பலாம்.

வெளி யூனிட்டைக் கிழமைக்கு ஒருக்கா மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு நல்ல தண்ணியால கழுவி விடுங்கோ. அமுக்கமா அடிக்கிற பைப் வேண்டாம், தகடு மடங்கும். பூக்கண்டுக்கு ஊத்துற மாதிரி ஊத்தினாக் காணும். உப்புப் படியாட்டி அந்த மெசின் பல வருசம் கூட நிக்கும்.

வீடு மாறுறவைக்கும் ஒண்டு சொல்லவேணும். ஏ.சி.யைக் கழட்டேக்குள்ள நட்டைத் திறந்து "உஸ்" எண்டு விட்டா அஞ்சு நிமிசத்தில வேலை முடியும். பம்ப் டவுன் எண்டு ஒரு முறை இருக்கு. மெசினை ஓட விட்டு, ஒரு வால்வைப் பூட்டினா காஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள்ள போய்ச் சேரும். பிறகு மற்ற வால்வையும் பூட்டிப்போட்டுக் கழட்டலாம். அதுக்குக் கால் மணித்தியாலம் எடுக்கும். எங்கட தொழில்காரர் கொஞ்சப் பேர் அந்தக் கால் மணித்தியாலத்துக்குப் பஞ்சி. நீங்கள் பக்கத்தில நிண்டு சொன்னாச் செய்வினம்.

2016 இல ருவாண்டாவின்ர கிகாலியில எல்லா நாடும் கூடி இந்தக் காஸ் வகைகளைக் குறைக்கிறதெண்டு ஒப்பந்தம் போட்டது. அது கம்பனிகளுக்கு. ஓட்டையை அடைக்கிறது எங்கட வேலை.

அப்பாவின்ர அறை எந்தப் பக்கம்? சீற் போட்ட பின்பாதியில எண்டா, மெசினை விடக் கூரையைத்தான் முதல் பாக்கோணும். கச்சான் அடிக்கிற மாசங்களில பின்னேரம் அந்தச் சீற்றைத் தொடேலாது. மேல கிடுகு விரிச்சுக் கட்டினாலே அறைக்குள்ள இருக்கிற ஆளுக்கு வித்தியாசம் தெரியும். கிடுகு கிடையாட்டி சுண்ணாம்பு வெள்ளை. ஆனா அந்தச் சீற்றை உரஞ்சக் கூடாது, துளைக்கக் கூடாது. தூசி நெஞ்சுக்கு ஆகாது, அதுவும் அப்பாக்கு. ஏ.சி.யை 26 இல வைச்சு மேல காத்தாடியை மெல்லப் போட்டு விடுங்கோ. 20 இல வைச்சிட்டுப் போர்வை போத்துப் படுக்கிற வீடுகளுக்கும் நான் போறனான், அவைக்கு என்னத்தைச் சொல்லுறது.

பிரிஜுக்கு ஒண்டே ஒண்டு. கதவு றப்பரில ஒரு கடதாசியை வைச்சு மூடிப்போட்டு இழுத்துப் பாருங்கோ. லேசா வந்தா றப்பரை மாத்துங்கோ. புது பிரிஜ் வாங்கத் தேவையில்லை.

கிண்ணியா_பாலத்தடி எழுதியது:

டீச்சர், மேலே அண்ணன் மெசினைப் பத்திச் சொல்லிட்டாரு. நான் குசினியைப் பத்திச் சொல்றன்.

2022 இல காஸ் இல்லாத நேரம் எங்கட உம்மா செஞ்சதை இப்பவும் நான் விடல்ல. அரிசியை அரை மணித்தியாலம் ஊற வெச்சு, கொதிச்சு ஏழெட்டு நிமிசம் ஆனதும் மூடியோட இறக்கி, பழைய துவாயால சுத்தி, றெஜிபோம் பெட்டிக்குள்ள வெச்சு மூடிடுவன். மீன் வாங்கிற கடையில அந்தப் பெட்டி சும்மாவே கிடைக்கும், நல்லாக் கழுவணும். அரை முக்கால் மணித்தியாலத்தில சோறு தானா வெந்திருக்கும். தண்ணி அளந்து வைக்கணும், வடிக்கிற சோத்துக்கு இது சரி வராது. பருப்பு, கடலை, பயறு எல்லாம் காலையிலயே ஊறப் போட்டா அடுப்பில நிக்கிற நேரம் பாதி. மாட்டிறைச்சி எண்டா பிரஷர் குக்கர்தான், சட்டியில மணிக்கணக்கா வேக விடுறது காஸுக்கு அநியாயம்.

இறைச்சியைப் பத்திச் சொன்னா எங்கட ஊரில கோவிச்சுக்குவாங்க. ஆனா மாடு, ஆடு அசை போடக்குள்ள மெதேன் விடுது, அதால அந்த இறைச்சி கோழியை விடப் பல மடங்கு கூட. எங்கட வீட்டில முந்தி கிழமையில பல நாள் மாட்டிறைச்சி, இப்ப வெள்ளிக்கிழமை மட்டும். வாப்பா முதல்ல முறைச்சாரு. கரைவலை மீன் நல்லா வாற காலத்தில அவரே மறந்துட்டாரு. சித்திரை தொடங்கி புரட்டாதி வரைக்கும் கடல் அமைதியா இருக்கும், கரைவலை இழுப்பாங்க. ஆக்கள் நிண்டு கையால இழுக்கிற வலை, தூரக் கடலுக்கு எஞ்சின் ஓட்டி ஐஸ் ஏத்திப் போற போட்டு மீனைப் போல எண்ணெய் குடிக்காது. சூடை, கீரி, நெத்தலி விலையும் குறைவு. மாரியில கரைவலை இல்லை, அப்ப கருவாடு.

வெறகைப் பத்தியும் சொல்லணும். மட்டை, பாளை, சிரட்டை, ஊமல் எல்லாம் விழுந்து கிடக்கிறதுதானே. மரம் இழுத்த காபன்தான் திரும்பப் போகுது, அதனால காஸை விட நல்லம் எண்டு சிலபேர் சொல்லுவாங்க. கணக்குச் சரி. ஆனா பொகை பொகைதான். உங்கட அப்பாக்கு மூச்சுக் கரைச்சல் எண்டா அந்தப் பக்கமே போகாதீங்க. வேணுமெண்டா வெளியில, காத்துக்குக் கீழ்ப்பக்கமா, அனகி மண் அடுப்பு வெச்சு குளிக்கிற சுடுதண்ணி, நெல்லு அவிக்கிறது மாதிரி வேலைக்கு மட்டும்.

குசினிக் கழிவை வேறாக்கி ஒரு மூலையில குழி வெட்டிப் போடுங்க, மேல காஞ்ச இலை. பையில கட்டிக் குடுத்தா அது குப்பை மேட்டில கிடந்து காத்துப் படாம அழுகி மெதேனாகும். டவுனில மான் குப்பையை மேயிறதையும் எல்லாரும் கண்டிருக்கீங்கதானே.

பாலையூற்று_வயர்மேன் எழுதியது:

எவ்வளவு கரண்ட் என்பது பாதிதான். எத்தனை மணிக்கு என்பது மறுபாதி. அதை யாரும் சொல்லவில்லை.

மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரைக்கும்தான் நாட்டில் கரண்ட் தேவை உச்சம். வெயில் இல்லை. நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி பகலிரவாக ஓடும். அதற்கு மேல் தேவைப்படுவதற்கு நீர் மின், அதுவும் காணாவிட்டால் டீசலும் உலை எண்ணெயும். மதியம் நிலைமை தலைகீழ், கூரைச் சோலர் தள்ளுகிறது. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க இருண்டதே, குரங்கு பாய்ந்ததென்று சொன்னார்களே, அது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். தேவை குறைந்து சோலர் கூடியிருந்த நேரம் என்பதால்தான் ஒரு துணை நிலையத்தில் நடந்தது நாட்டையே விழுத்தியது. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, கூரைச் சோலரைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை வேண்டுகோள் விட்டது. வெயில் கரண்டை வேண்டாம் என்று சொல்லுகிற நேரமும் நாட்டில் இருக்கிறது.

ஆகவே டீச்சர், பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை, உங்கள் சேலை, இவருடைய சேர்ட் எல்லாவற்றையும் ஞாயிறு மதியம் ஒரேயடியாக அயர்ன் பண்ணுங்கள். ஒவ்வொரு நாள் இரவும் எட்டு மணிக்கு அயர்னைச் சூடாக்க வேண்டாம். கிணற்று மோட்டர், வோஷிங் மெசின், கிரைண்டர் எல்லாம் பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில். மதியச் சோறு றைஸ் குக்கரில், இரவுச் சமையல் காஸில். உண்மையைச் சொன்னால் உங்களுக்கு இதால் ஒரு சதமும் மிச்சமாகாது. சாதாரண வீட்டு மீற்றருக்கு மதியமும் இரவும் ஒரே விலை.

அப்பாவின் ஏ.சி.யை உச்ச நேரத்தில் நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். நோயாளிக்கு அது தேவை. காத்தாடிகளை மாற்றுகிற நேரம் வந்தால் பி.எல்.டி.சி. வகையை வாங்குங்கள். பழைய காத்தாடி 75 வாற் இழுக்கும், இது 30 சொச்சம்.

கொழும்புப் பயணம்: வாடகைக் காரில் போய்வர 500 கிலோமீற்றருக்கு மேல். லீட்டருக்கு 12 ஓடினாலும் நாற்பது லீட்டருக்கு மேல் பெற்றோல், அதாவது 100 கிலோ காபனீரொட்சைட்டு. பஸ் லீட்டருக்கு மூன்று நாலு கிலோமீற்றர்தான் ஓடும், ஆனால் ஐம்பது பேருக்குப் பிரித்துப் பாருங்கள். அப்பாவுக்கு இரவு ரயிலில் படுத்துக்கொண்டு போக முடிந்தால் கல்ஓயா வழியாக விடியக் கோட்டைக்குப் போய்விடும். முடியாவிட்டால் கார்தான். அதற்காக மனம் வருந்த வேண்டாம்.

ஸ்காபரோ_நிலாவெளியான் எழுதியது:

நான் நிலாவெளி, இப்போது கனடாவில். தட்டிவான் தம்பி சொன்னதில் பாதி எனக்குத்தான். ரொறன்ரோவில் இருந்து கொழும்புக்கு வந்து திரும்பினால் ஏறக்குறைய 28,000 கிலோமீற்றர். ஒரு ஆளுக்கு இரண்டரைத் தொன்னுக்குக் குறையாது. டீச்சர் வீட்டில் ஆறு பேர் வருடம் முழுக்க எரிக்கிறதை விட, நான் ஒருவன் ஒரு விடுமுறைக்கு எரிக்கிறது கூட. நாலு பேராக வந்தால் பத்துத் தொன்.

அம்மா அங்கே இருக்கிறா. வராமல் இருக்க முடியாது. வருடா வருடம் இரண்டு கிழமைக்கு ஓடி வருகிறதை விட்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு மாதம் நிற்கிறோம். அம்மாவுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. நேர் விமானம் கிடைக்காத வழி இது, இறங்கி ஏறுவது தவிர்க்க முடியாது. அதிலும் ஒரே ஒரு மாற்றம் உள்ளதாகப் பார்த்து எடுக்கிறேன்.

இன்னொன்று: வருகிறபோது கட்டுநாயக்காவில் இருந்து தனி வான் பிடிக்காமல், வேறு யாராவது கிழக்குக்குப் போகிறார்களா என்று விசாரித்துச் சேர்ந்து போங்கள். ஒரு வானில் மூன்று பேர் போகிறதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

தட்டிவான் எழுதியது:

சரி, ஏ.சி. காஸ் விசயம் எனக்குப் புதுசு. ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா நான் சொல்ல வந்ததையும் கேளுங்கோ. சம்பூரில 500 மெகாவாற் நிலக்கரி ஆலை வர இருந்தது. நிலக்கரியில ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ எண்டு பிடியுங்கோ. அந்த ஆலை ஒரு மணித்தியாலம் முழுவீச்சில ஓடினா 500 தொன். டீச்சர் வீடு இருநூறு வருசம் எரிச்சாலும் அந்த ஒரு மணித்தியாலத்தை எட்டாது. 2016 செப்தெம்பரில அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில அந்தத் திட்டம் இல்லையெண்டு சொன்னது. ஆக்கள் எதிர்த்து நிண்டதும் வழக்குப் போட்டதும் இல்லாம அது நடந்திருக்குமோ? இப்ப அதே சம்பூரில சோலர் எண்டு வந்திருக்கு. அப்ப தனியாள் செய்யக்கூடியதில கூட்டத்துக்குப் போறதும் கையெழுத்து வைக்கிறதும் இருக்கெண்டு எழுதுங்கோ. எல்லாரும் அயர்ன் பெட்டியோட நிண்டால் ஆகுமோ?

கச்சான்_கூலிங் எழுதியது:

தம்பி, நீர் சொல்லுறது சரி. கூட்டத்துக்கும் போம், ஓட்டையையும் அடையும். ரெண்டையும் ஒரே கிழமையில செய்யலாம்.

உவர்மலை_டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தட்டிவான் தம்பி, சம்பூரை வகுப்பில் சொல்லத்தான் போகிறேன். பிள்ளைகளில் சிலர் அந்தப் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள்.

கிண்ணியா தங்கச்சி சொன்ன பெட்டிச் சோறு செய்து பார்த்தோம். மாமி முதலில் நம்பவில்லை, இப்போது பெட்டியைத் தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறா. மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் இல்லை, ஆட்டிறைச்சி ஞாயிறுகளில் இருந்தது, அதைப் பேசித் தீர்க்கவேண்டும். அயர்ன் ஞாயிறு மதியத்துக்கு மாறிவிட்டது. ரயில் அப்பாவுக்குச் சரிவராது. கழிப்பறைக்கு எழும்பிப் போக அவரால் முடியாது. கிளினிக் இரண்டையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறோம், அப்படியானால் பயணம் பாதியாகும். அப்பாவின் அறை சீற் போட்ட பக்கம்தான். கிடுகு கட்ட ஆள் சொல்லியிருக்கிறோம்.

கச்சான் அண்ணை, வெளி யூனிட்டின் பக்கத் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். ஆர் 22 என்று இருக்கிறது, 0.9 கிலோ. கடலைப் பார்த்துத்தான் பூட்டியிருக்கிறார்கள். தகடு நீங்கள் சொன்ன மாதிரியே வெள்ளை மாவாகக் கொட்டுகிறது. இதைத் திருத்துவதா, மாற்றுவதா? ஒரு கடைக்காரர் "இதுக்குள்ள புதுக் காஸை அடிச்சுத் தாறன், நல்லாக் குளிரும்" என்கிறார்.

கச்சான்_கூலிங் எழுதியது:

ஆர் 22 எண்டா ஒரு கிலோ 1,810 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமன். அரைக் கிலோ போனால் 905 கிலோ, ஓசோனுக்கு அடி வேற. தகடு மாவாக் கொட்டுப்படுதெண்டா அந்தக் கொயிலில ஒரு துளையை அடைச்சா அடுத்த மாசம் பக்கத்தில இன்னொண்டு திறக்கும். திருத்திற காசு வீண். 2030 ஓட இந்தக் காஸ் எங்கட மாதிரி நாடுகளுக்கு வாறதும் ஏறக்குறைய நிண்டிடும். மாத்துங்கோ.

அந்தக் கடைக்காரர் சொல்லுற "புதுக் காஸ்" என்னெண்டு கேளுங்கோ. ஆர் 32 எண்டா வேண்டவே வேண்டாம். அது கொஞ்சம் பத்தக்கூடியது, அமுக்கமும் கூட. ஆர் 22 க்குச் செய்த மெசினுக்குள்ள அதை அடிக்கிறது ஆபத்து. ஆர் 32 க்கெண்டே செய்த இன்வேட்டர் மெசின் வாங்கினா காஸும் குறைவா இருக்கும், கரண்டும் குறையும். தகட்டுக்கு உப்புப் பிடியாத பூச்சுப் பூசினதாப் பாத்து எடுங்கோ. வெளி யூனிட்டைக் கடலுக்கு முதுகு காட்டுற சுவரில பூட்டச் சொல்லுங்கோ. குழாய் கொஞ்சம் நீளும், அதுக்கு மேலதிகமாக் கேப்பினம், குடுக்கலாம்.

பழசைக் கழட்ட வாற ஆளிட்ட முதலே கேளுங்கோ, காஸை இழுத்தெடுக்கிற மெசினும் சிலிண்டரும் இருக்கோ எண்டு. இருந்தா அந்த இடத்திலயே எடுக்கட்டும். இல்லையெண்டா பம்ப் டவுன் பண்ணி, ரெண்டு வால்வையும் பூட்டி, மூடியைப் போட்டு, யூனிட்டை முழுசாக் கொண்டு போய் மெசின் இருக்கிற கடையில குடுக்கச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகுதான் பழைய இரும்புக்காரர். அவருக்கு நேரடியாக் குடுத்தா செப்புக்காகக் குழாயை வாளால வெட்டுவார், இருக்கிற காஸ் முழுக்க அந்த இடத்திலயே போயிடும். கழட்டுற அண்டைக்கு நீங்களோ அவரோ கட்டாயம் வீட்டில நில்லுங்கோ.